புயலுக்கு முந்தைய நாற்பதாண்டுகள்: போட்டி அலைச்சறுக்கில் பிரேசிலின் எழுச்சி

தொழில்முறை அலைச்சறுக்குக்கு உலகத் தரவரிசை என்று ஒன்று வந்தது 1976இல். அந்த ஆண்டிலிருந்து 2013 வரை ஆண்கள் பட்டம் ஆஸ்திரேலியர்களிடமோ, ஹவாய்க்காரர்களைச் சேர்த்து அமெரிக்கர்களிடமோதான் இருந்தது. விதிவிலக்காகத் தென்னாப்பிரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் ஒவ்வொரு முறை போயிற்று. பிரேசிலுக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. அதன்பின் 2014 முதல் 2025 வரை பதினோரு பட்டங்கள் வழங்கப்பட்டன. கொரோனா ஆண்டான 2020இல் பட்டம் கிடையாது. அந்தப் பதினொன்றில் எட்டு பிரேசிலுக்கு. வென்றவர்கள் ஐவர்: கேப்ரியல் மெடினா மூன்று முறை, ஃபிலிப்பே டொலேடோ இரண்டு முறை, அட்ரியானோ டி சோசா, இட்டாலோ ஃபெரேரா, யாகோ டோரா தலா ஒருமுறை.

ஆங்கில ஊடகங்கள் இதற்கு ‘பிரேசிலியப் புயல்’ என்று பெயர் வைத்தன. புயல் என்றால் எதிர்பாராமல் கிளம்பி அடித்துவிட்டுப் போவது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கூடவே, வறுமையில் பிறந்த சிறுவன் வெறும் திறமையால் உலகை வென்றான் என்ற கதையும் ஒட்டிக்கொள்கிறது. இரண்டுமே பாதி உண்மை. மீதிப் பாதி போட்டி அட்டவணைகளிலும், உள்நாட்டு ஆடை நிறுவனங்களின் கணக்குப் புத்தகங்களிலும், நடுவர்களின் மதிப்பெண் விதிகளிலும் கிடக்கிறது. இக்கட்டுரை அந்தப் பாதியைப் பின்தொடர்கிறது.

பிரேசிலில் அலைச்சறுக்கின் தொடக்கம் சாவோ பாலோ மாநிலத்தின் துறைமுக நகரமான சாண்டோஸில். 1930களில் தாமஸ் ரிட்ஷர் என்ற இளைஞர், அமெரிக்கரான டாம் பிளேக் வடிவமைத்த உள்ளீடற்ற பலகையின் வரைபடத்தை ஓர் அமெரிக்க இதழில் பார்த்துத் தானே ஒன்றைச் செய்து கடலில் இறக்கினார். அவருடைய சகோதரி மார்கோவும் அதில் ஏறிச் சறுக்கினார். பிரேசிலின் முதல் அலைச்சறுக்குப் பெண் என்று இன்று குறிப்பிடப்படுபவர் அவர்தான். ஆனால் இது வசதி படைத்த சிலரின் பொழுதுபோக்காக நின்றுபோனது. பரவலான பழக்கமாக அது மாறியது ரியோ டி ஜெனிரோவில், கோபகபானாவுக்கும் இபனேமாவுக்கும் நடுவே பாறை துருத்தி நிற்கும் ஆர்ப்போடோர் கரையில். 1950களின் இறுதியில் அங்கிருந்த பையன்கள் ஒட்டுப்பலகையை வெட்டி வளைத்து ஏறினார்கள். 1964இல் ஊர் சுற்றும் ஆஸ்திரேலியரான பீட்டர் டிராய் அங்கு வந்து, நவீனப் பலகையில் அலையின் முகத்தில் எப்படித் திரும்புவது என்று காட்டிவிட்டுப் போனார். அதே ஆண்டில்தான் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது.

1970களின் முற்பாதியில் இபனேமாவில் கழிவுநீர்க் குழாயைக் கடலுக்குள் இறக்குவதற்காக ஒரு தற்காலிகப் பாலம் கட்டினார்கள். தூண்களைச் சுற்றி மணல் திட்டாகச் சேர்ந்து, அதுவரை அங்கே இல்லாத நல்ல அலை உருவானது. ராணுவ ஆட்சியின் இறுக்கத்துக்கு நடுவே, நீளமுடிக்காரர்களும் பாடகர்களும் அலைச்சறுக்குப் பையன்களும் கூடும் இடமாக அந்தக் கரை மாறியது. பாலம் பிரிக்கப்பட்டபோது அலையும் போய்விட்டது. கழிவுநீர்த் திட்டத்துக்கு இப்படியொரு கலாச்சாரப் பங்களிப்பு அமைவது அபூர்வம்.

இந்தத் தலைமுறையிலிருந்து வந்தவர் பெப்பே லோப்பஸ். உலகச் சுற்று தொடங்கிய 1976ஆம் ஆண்டிலேயே ஆர்ப்போடோரில் நடந்த ‘வைமேயா 5000’ போட்டியை அவர் வென்றார். மறு ஆண்டு அதே போட்டியை டேனியல் ஃபிரீட்மன் வென்றார். இரண்டு ஆண்டுகள், இரண்டு பிரேசிலிய வெற்றிகள். எழுச்சி அன்றே தொடங்கியிருக்க வேண்டும் என்று தோன்றலாம். தொடங்கவில்லை. காரணம் திறமைக் குறைவு அல்ல. உலகத் தரவரிசையில் மேலே வர வேண்டுமானால் ஹவாய், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்று ஆண்டு முழுவதும் பறக்க வேண்டும். அதற்கு வேண்டிய டாலர் யாரிடமும் இல்லை. வெளிநாட்டுப் பலகைகளுக்கும் பொருள்களுக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. சொந்த ஊரில் ஒரு போட்டியை வெல்வதும் உலகச் சுற்றில் பிழைப்பதும் வேறு வேறு. பெப்பே பின்னர் ஹேங் கிளைடிங் பக்கம் திரும்பி 1981இல் அதில் உலக வாகையர் ஆனார்; 1991இல் ஜப்பானில் பறக்கும்போது இறந்தார். ‘வைமேயா 5000’ 1980களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது.

இறக்குமதிக்குப் போடப்பட்ட அந்தத் தடை மறைமுகமாக ஒரு நன்மையும் செய்தது. வெளிநாட்டுச் சரக்கு வராத சந்தையில் உள்நாட்டு நிறுவனங்கள் வளர்ந்தன. சாண்டா கேட்டரினா மாநிலத்தின் கரோபாபாவில் ஒரு மருத்துவர், குளிர்நீரில் சறுக்குவதற்குத் தனக்கும் நண்பர்களுக்கும் ரப்பர் உடை தைக்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது ‘மோர்மாயி’. கடலையே பார்த்திராத உள்நாட்டு நகரங்களிலும் இளைஞர்கள் சர்ஃப் சட்டை வாங்கினார்கள். 1983இல் ‘ஃபுளுயிர்’ என்ற இதழ் வந்தது. சட்டை விற்ற பணத்தில் ஒரு பங்கு விளம்பரமாகவும் பரிசுத் தொகையாகவும் கரைக்குத் திரும்பியது. 1986இல் ‘ஹேங் லூஸ்’ என்ற உடை நிறுவனத்தின் பெயரில் ஃபுளோரியனோபோலிஸின் ஜோவாகினா கரையில் நடந்த போட்டியோடு உலகச் சுற்று பிரேசிலுக்குத் திரும்பியது. அடுத்த ஆண்டே பிரேசில் தொழில்முறை அலைச்சறுக்குச் சங்கத்தின் தேசியச் சுற்றும் தொடங்கியது. என் கணிப்பில், பிரேசில் அலைச்சறுக்கு வரலாற்றில் 2014ஐவிட முக்கியமான காலம் இந்த 1986–87தான். பணவீக்கம் சம்பளத்தைத் தின்றுகொண்டிருந்த நாட்டில், ஊரை விட்டு வெளியேறாமலேயே ஒருவர் முழுநேரமாகப் போட்டியிட்டுப் பழக முடியும் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

பலன் உடனே தெரிந்தது. வடகிழக்கின் பராய்பா மாநிலத்தைச் சேர்ந்த ஃபாபியோ கோவேயா 1988இல் புவேர்ட்டோ ரிக்கோவில் அமெச்சூர் உலகப் பட்டத்தை வென்றார். பின்னர் தொழில்முறைச் சுற்றில் 1992இல் உலக ஐந்தாம் இடம் பிடித்தார். அவரோடு பயணம் செய்த சாண்டா கேட்டரினாக்காரர் டெக்கோ படராட்ஸ். இவர் வந்த நேரமும் தோதாக அமைந்தது. 1992இல் உலகச் சுற்று இரண்டு அடுக்காகப் பிரிக்கப்பட்டது. மேலே சில டஜன் பேர் மட்டும் ஆடும் முதன்மைச் சுற்று. கீழே, தகுதிப் புள்ளிகளுக்காக உலகெங்கும் நடக்கும் தகுதிச் சுற்று. அந்தத் தகுதிச் சுற்றின் முதல் வாகையர் படராட்ஸ்தான். உள்நாட்டு நிறுவனங்கள் பிரேசில் கரைகளிலேயே தகுதிப் போட்டிகளை நடத்தின. சொந்த ஊர் அலையிலேயே உலகப் புள்ளி எடுக்க வழி பிறந்தது. ஏணியின் கீழ்ப்படி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது.

மேல்படிதான் நெடுங்காலம் எட்டவில்லை. 1999இல் விக்டர் ரிபாஸ் மூன்றாம் இடம் பெற்றார். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு அதுவே பிரேசிலின் உச்சம். மற்ற நாட்டு வீரர்களும் இதழ்களும் பிரேசிலியர்களைப் பற்றி வைத்திருந்த பிம்பம் இந்த ஆண்டுகளில் இறுகியது: சின்ன அலையில் துள்ளுவார்கள், பெரிய அலையில் பயப்படுவார்கள், கூச்சல் அதிகம். இதில் ஏளனம் இருந்தது, இனவாதத்தின் வாடையும் இருந்தது. பெரிய அலையைப் பற்றிய பேச்சு பொய் என்பதற்கு ரெசிஃபேயிலிருந்து வந்த கார்லோஸ் பர்லே ஒருவரே போதும். 1998இல் மெக்சிகோவின் தோடோஸ் சாண்டோஸ் தீவில் நடந்த பேரலைப் போட்டியை வென்றவர் அவர். ஆனால் சின்ன அலை என்பதில் புவியியல் உண்மை உண்டு. பிரேசிலின் நீண்ட அட்லாண்டிக் கரையில் பெரும்பாலானவை மணல் திட்டில் உடையும் அலைகள். காற்று கிளப்பியவை, குட்டையானவை, சீரற்றவை, சட்டென்று முடிபவை. ஹவாயின் பைப்லைன்போலவோ டஹிட்டியின் டீஹுப்போபோலவோ பவளப்பாறைமேல் உருண்டு குழலாகும் அலைகள் அங்கு அரிது. குட்டை அலையில் நீளமான வளைவுகள் போட இடம் கிடையாது. வேகத்தைக் கூட்டி, உடையும் விளிம்பில் மோதிக் காற்றில் எம்புவதுதான் வழி. அந்த ஊர்ப் பிள்ளைகள் அதைத்தான் நாள் முழுக்கச் செய்துகொண்டிருந்தார்கள்.

நடுவர்கள் அதை நெடுங்காலம் ஒரு வித்தையாகவே பார்த்தார்கள். ஒரு சுற்றில் ஐந்து நடுவர்கள் ஒவ்வோர் அலைக்கும் பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். மிக அதிகமும் மிகக் குறைவும் கழித்து மீதியின் சராசரியை எடுப்பார்கள். முன்பு கூடுதல் அலைகளைக் கூட்டிய முறை போய், சிறந்த இரண்டு அலைகள் மட்டும் கணக்கில் வரும் முறை நிலைத்தது. பாதுகாப்பாகப் பல அலைகள் எடுப்பதைவிட, விழுந்தாலும் பரவாயில்லை என்று ஓர் அலையில் பெரிதாகப் பணயம் வைப்பவருக்கு அது சாதகம். 2010ஐ ஒட்டி மதிப்பெண் அளவுகோலும் திருத்தப்பட்டது. புதுமைக்கும் துணிவுக்கும் எடை கூடியது. பிரேசில் வீரர்கள் தங்கள் பாணியை மாற்றிக்கொண்டு விதிக்குள் வந்தார்கள் என்பதைவிட, விதி அவர்களுடைய பாணியிருந்த இடத்துக்கு நகர்ந்து வந்தது என்பதே சரி. ‘தானாகப் பொங்கிய திறமை’ என்ற விளக்கம் இங்கேதான் அதிகம் தடுமாறுகிறது.

அந்தத் தருணத்தில் தயாராக இருந்தவர்கள் இருவர். அட்ரியானோ டி சோசா, சாவோ பாலோ கரையிலுள்ள குவாருஜாவின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தவர். அண்ணன் மலிவாக வாங்கிக்கொடுத்த பழைய பலகையில் தொடங்கி, பதினாறு வயதில் உலக இளையோர் பட்டம் வென்றார், 2005இல் தகுதிச் சுற்றின் வாகையர் ஆனார். அவரிடம் கண்ணைப் பறிக்கும் வித்தைகள் இல்லை; விடாப்பிடியான உழைப்பு இருந்தது. பலரும் இவரை மெடினாவுக்கு வழிவிட்ட இடைக்காலத்தவராக எழுதிவிடுகிறார்கள். அது அநியாயம். 2011இல் ரியோவில் வென்று உலகத் தரவரிசையின் முதலிடத்தில் ஏறியவர் அவர்.

மற்றவர் கேப்ரியல் மெடினா. மரேசியாஸ் கரையில் வளர்ப்புத் தந்தை சார்லஸின் பயிற்சியில் உருவானவர். பதினைந்து வயதில், 2009இல், ஃபுளோரியனோபோலிஸில் நடந்த உயர்நிலைத் தகுதிப் போட்டியை வென்றார். அந்தப் போட்டி உள்நாட்டில் நடந்ததை மறக்கக் கூடாது. 2011இல் ஆண்டின் நடுவிலேயே முதன்மைச் சுற்றுக்குள் ஆட்களை மாற்றும் ஒரு விதி இருந்தது. பதினேழு வயது மெடினா அந்த வாசல் வழியே நுழைந்து, அதே பருவத்தில் பிரான்ஸிலும் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் வென்றார்.

2014 டிசம்பரில், பைப்லைனில் நடந்த கடைசிப் போட்டியில் பட்டத்துக்கு மூவர் போட்டியிட்டனர்: மெடினா, ஆஸ்திரேலியரான மிக் ஃபானிங், அமெரிக்கரான கெல்லி ஸ்லேட்டர். ஸ்லேட்டரை மூன்றாம் சுற்றில் வெளியேற்றியவர் அலெஜோ முனிஸ். ஐந்தாம் சுற்றில் ஃபானிங்கை வெளியேற்றியவரும் அவரே. அர்ஜென்டினாவில் பிறந்து சாண்டா கேட்டரினாவில் வளர்ந்த பிரேசில் வீரர். அந்த ஆண்டு தரவரிசையில் சரிந்து, முதன்மைச் சுற்றிலிருந்தே வெளியேறும் நிலையில் இருந்தார். ஃபானிங் தோற்ற அந்தக் கணத்திலேயே மெடினா உலக வாகையர் ஆனார். நாட்டின் முதல் பட்டம் உறுதியானது, வேலை பறிபோகவிருந்த ஒரு சக நாட்டவர் இரண்டு ஜாம்பவான்களை வீழ்த்தியதால். ஒரு நாட்டின் ஆழம் என்ன என்று அளக்க இதைவிடத் துல்லியமான நிகழ்வு எனக்குத் தெரியாது. மறு ஆண்டு அதே பைப்லைனில் பட்டம் வென்ற டி சோசா, இறுதிச் சுற்றில் மெடினாவையே தோற்கடித்துப் போட்டியையும் வென்றார். 2015 ஜனவரியில் பணியில் இல்லாத ஒரு காவலரால் சுட்டுக் கொல்லப்பட்ட நண்பர் ரிகார்டோ டோஸ் சாண்டோஸுக்கு அந்தப் பட்டத்தைக் காணிக்கையாக்கினார்.

பின்வந்த வெற்றிகள் பரவலாகத் தெரிந்தவை. 2016இல் ரியோ போட்டியில் மெடினா போட்ட பின்பக்கக் குட்டிக்கரணத்துக்கு முழுப் பத்து கிடைத்தது. ரியோ கிராண்டே டோ நோர்ட்டேயின் சிறு மீனவ ஊரான பையா ஃபொர்மோசாவில், தந்தை மீன் விற்கப் பயன்படுத்திய ஐஸ் பெட்டியின் மூடிமேல் ஏறிப் பழகிய இட்டாலோ ஃபெரேரா 2019இல் உலகப் பட்டமும், 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்த விளையாட்டின் முதல் தங்கமும் வென்றார். ஐஸ் பெட்டி மூடியைச் சொல்லாத கட்டுரை அனேகமாக இல்லை. ஆனால் அந்த மூடியிலிருந்து டோக்கியோவுக்கு இடையில் பதின்வயதிலேயே வந்து சேர்ந்த விளம்பர ஒப்பந்தங்களும், இளையோர் போட்டிகளும், தகுதிச் சுற்றும் இருந்தன. 2022, 2023 பட்டங்களை வென்ற ஃபிலிப்பே டொலேடோவோ, பிரேசிலின் தேசிய வாகையராக இருந்த ரிகார்டோ டொலேடோவின் மகன். 2025இல் ஃபிஜியில் வென்ற யாகோ டோராவின் தந்தை லியாண்ட்ரோ, 2015இல் டி சோசாவுக்குப் பயிற்சி அளித்தவர். 1980களின் சுற்று உருவாக்கிய தலைமுறை, இப்போது தந்தையாகவும் பயிற்சியாளராகவும் கரையில் நிற்கிறது.

இந்த வாதத்தைச் சோதிக்கப் பெண்கள் பிரிவைவிட நல்ல இடம் இல்லை. அதே கரை, அதே அலை, அதே காலம். திறமை மட்டும்தான் காரணம் என்றால் அங்கும் பட்டங்கள் குவிந்திருக்க வேண்டும். 2002இல் ஜாக்குலின் சில்வா உலக இரண்டாம் இடம். 2008, 2009இல் சியாரா மாநிலத்தின் சில்வானா லிமா இரண்டாம் இடம். 2025 வரை முதன்மைச் சுற்றின் பட்டம் ஒன்றுகூட இல்லை. உலகின் இரண்டாம் இடத்தில் இருந்த லிமாவுக்கு, பின்வந்த ஆண்டுகளில் முதன்மை விளம்பரதாரரே கிடைக்கவில்லை. மாடல் அழகிபோல் தான் இல்லாததால் நிறுவனங்கள் ஒதுக்கின என்று அவரே பொதுவெளியில் சொன்னார். பயணச் செலவுக்கு வீட்டையும் காரையும் விற்றார், ஃபிரெஞ்சு புல்டாக் நாய்க்குட்டிகளை வளர்த்து விற்றார். ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமான பரிசுத் தொகை என்ற விதி உலகச் சுற்றில் 2019இல்தான் நடைமுறைக்கு வந்தது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் அலைச்சறுக்கு டீஹுப்போவில் நடந்தது. ஆண்களில் மெடினா வெண்கலம். பெண்களில் டாடியானா வெஸ்டன்-வெப் வெள்ளி. வெஸ்டன்-வெப் போர்ட்டோ அலெக்ரேயில் பிறந்தவர், ஆனால் ஹவாயின் கவாய் தீவில் வளர்ந்து அங்கேயே சறுக்கப் பழகியவர். 2018இல்தான் பிரேசில் கொடிக்கு மாறினார். அவருக்குப் பின் முதன்மைச் சுற்றுக்கு வந்த லுவானா சில்வாவும் ஹவாயில் வளர்ந்தவரே. உலகப் பட்டம் வென்ற ஆண்கள் ஐவரும் பிரேசிலின் மணல் கரைகளில்தான் பழகினார்கள்.