பக்கத்தொகுதி மாற்றத்தக்க உயிரிச்சிதைவுப் பலபடிகள்

பக்கத்தொகுதி மாற்றத்தக்க உயிரிச்சிதைவுப் பலபடிகள் என்பவை, உடலுக்குள் சிதையக்கூடிய முதன்மைச் சங்கிலியையும், வேதிவினை மூலம் விரும்பியவாறு மாற்றக்கூடிய கிளைகளையும் கொண்ட பலபடிகள் (பாலிமர்கள்) ஆகும். மருந்தை உடலின் குறிப்பிட்ட இடத்தில் சேர்க்கும் ஊர்திகளாக இவை ஆராயப்படுகின்றன.

தேவை

பாலிலாக்டிக் அமிலம், பாலிகாப்ரோலாக்டோன் போன்ற பாலியெசுத்தர்கள் உடலில் மெல்லச் சிதைபவை. கரையும் தையல் நூல்களில் இவ்வகைப் பொருட்கள் பயன்படுகின்றன. ஆனால் இவற்றின் சங்கிலி நெடுக மருந்தைப் பிணைக்கத்தக்க வினைத்தொகுதி ஏதும் இல்லை. பிணைக்கப்படாமல் உள்ளே அடைபட்டிருக்கும் மருந்து, சேரவேண்டிய இடத்தை அடையுமுன்பே கசிந்துவிடக்கூடும்.

புனே ஆய்வுகள்

புனேயிலுள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் மா. ஜெயக்கண்ணன் குழுவினர், கார்பாக்சில் தொகுதிகளைப் பக்கத்தில் தாங்கிய பாலிகாப்ரோலாக்டோனை உருவாக்கினர். முதலில் காப்ரோலாக்டோன் வளையத்தில், காப்புத் தொகுதியால் மூடப்பட்ட கார்பாக்சில் கிளை இணைக்கப்படுகிறது. வளையத்திறப்புப் பலபடியாக்கம் மூலம், நீர்விரும்பியான பாலிஎத்திலீன் கிளைக்காலுடன் தொடர்ந்த சங்கிலி பெறப்படுகிறது. இறுதியில் காப்பு நீக்கப்படுகிறது. சங்கிலியே எசுத்தர் பிணைப்புகளால் ஆனது என்பதால், அது அறுபடாமல் காப்பை மட்டும் நீக்குவதே இம்முறையின் நுட்பமான படி.

இப்பலபடி நீரில் தானே நுண்பைகளாகச் சுருள்கிறது. 2013-இல் வெளியான ஆய்வின்படி, இரைப்பையின் கடும் அமிலத்தில் கார்பாக்சில் தொகுதிகள் மின்னூட்டமற்று இருப்பதால் நுண்பைகள் குலைவதில்லை. சிறுகுடலின் நடுநிலைச் சூழலில் அவை எதிர்மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று விலக்குவதால் நுண்பைகள் உடைந்து மருந்து வெளியேறுகிறது. வாய்வழி மருந்துகளுக்கு இப்பண்பு பயனுள்ளது.

2015-இல் இதே கிளைகளில் சிஸ்பிளாட்டின் என்னும் பிளாட்டினப் புற்றுநோய் மருந்து பிணைக்கப்பட்டது. உயிரணுக்களிலுள்ள குளூட்டாதையோன், பிளாட்டினத்துடன் இணைந்து இம்மருந்தை டி.என்.ஏ.வை அடையுமுன் செயலிழக்கச் செய்வது நெடுநாளைய சிக்கல். நானோதுகளின் உட்கருவில் பொதிந்த மருந்து இதிலிருந்து காக்கப்பட்டது. உயிரணுவினுள் எசுத்தரேசு நொதிகள் சங்கிலியை வெட்டும்போது மருந்து விடுபடும். மார்பகப் புற்றுநோய் உயிரணு வளர்ப்புகளில் இது சோதிக்கப்பட்டது.

வரம்புகள்

வளர்ப்புத் தட்டில் துகள்கள் உயிரணுக்களின் அருகிலேயே இடப்படுகின்றன. உடலிலோ அவை குருதியோட்டத்தைக் கடந்து வரவேண்டும். வழியில் கல்லீரலும் மண்ணீரலும் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. முந்தைய பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஒரு பகுப்பாய்வின்படி, செலுத்தப்பட்ட பல்வகை நானோதுகள்களில் திண்மக் கட்டியைச் சென்றடைந்த அளவின் இடைநிலை மதிப்பு சுமார் 0.7 விழுக்காடு மட்டுமே. ஆகவே "இலக்கு நோக்கிய" என்னும் அடைமொழியை எச்சரிக்கையுடனேயே கொள்ளவேண்டும். ஃபோலிக் அமிலம், பயோட்டின் போன்ற, புற்றுநோய் உயிரணுக்கள் மிகுதியாக ஏற்கும் மூலக்கூறுகளையும் கிளைகளில் பொருத்த முடியும். எனினும் அவை துகள் கட்டியை அடைந்த பின்னரே பெரிதும் உதவுகின்றன.