குண்டுவீச்சு விமானிகளும் போர் நூல்களும்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவில் சுமார் 1,25,000 பேர் விமானக் குழுவினராகப் பணியாற்றினர். 55,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். லங்காஸ்டர் விமானத்தில் விமானி, வழிகாட்டி, பொறியாளர், வானொலி இயக்குநர், குண்டு வீசுபவர், இரு துப்பாக்கி வீரர்கள் என 7 பேர் சென்றனர். பெரும்பாலும் இரவிலேயே தாக்கினர். பொதுவாக 30 முறை சென்று மீண்டவர்களுக்கே பணிச்சுற்று முடிந்து ஓய்வு கிடைத்தது.

போர் நடக்கும்போதே நூல்கள் வரத் தொடங்கின. குண்டுவீச்சு விமானி லியோனார்ட் செஷயரின் ‘பாம்பர் பைலட்’ 1943-இல் வெளியானது. அதே ஆண்டு மே மாதம் கை கிப்சன் தலைமையில் 19 விமானங்கள் ஜெர்மனியின் அணைகளைத் தாக்கப் புறப்பட்டன. மோனே, ஏடர் அணைகள் உடைந்தன. 8 விமானங்கள் திரும்பவில்லை. கிப்சன் 1944 செப்டம்பரில் இறந்தார். அவர் எழுதிய ‘எனிமி கோஸ்ட் அஹெட்’ நூல் 1946-இல்தான் அச்சேறியது. அந்த அணைத் தாக்குதலை விவரித்த பால் பிரிக்ஹில்லின் ‘தி டாம் பஸ்டர்ஸ்’ (1951) திரைப்படமாகவும் வந்தது.

பிந்தைய நூல்களில் வீரப் பெருமிதம் தணிந்தது. ஆஸ்திரேலிய வழிகாட்டி டான் சார்ல்வுட் ‘நோ மூன் டுநைட்’ (1956) நூலில் அச்சத்தையும் தோழர்களின் இழப்பையும் பதிவுசெய்தார். அமெரிக்கப் படையில் 60 முறை பறந்த ஜோசப் ஹெல்லர், ‘கேட்ச்-22’ (1961) நாவலில் போர் நிர்வாகத்தின் அபத்தத்தை எள்ளினார். லென் டெய்ட்டனின் ‘பாம்பர்’ (1970) குண்டு வீசியவர்களோடு, குண்டுகளுக்கு இலக்கான ஜெர்மானிய நகர மக்களையும் சித்திரித்தது.