கௌரவ நகரவுரிமை: மூதாதையர் பட்டத்தை ஆராயும் முறை

ஒரு நகரத்துக்குப் பெருந்தொண்டு செய்தவருக்கோ நாடறிந்த பெரியவருக்கோ அந்நகரின் சபை தீர்மானம் நிறைவேற்றி அளிக்கும் மரியாதை கௌரவ நகரவுரிமை எனப்படும். இங்கிலாந்தில் இது இன்றும் வழக்கில் உள்ளது. இதைத் தருவது நகர சபை; மன்னருக்கும் அரசாங்கத்துக்கும் இதில் பங்கில்லை. மூதாதை ஒருவர் இந்த மரியாதையைப் பெற்றார் என்று ஒரு குடும்பத்தில் சொல்லப்பட்டால், ஆராய்பவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதைத்தான். யார் கொடுத்தார் என்று தெரிந்தால்தான் எந்த ஊர் ஏட்டைப் புரட்ட வேண்டும் என்பது தெரியும்.

பொத்துவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை போன்ற கிழக்கிலங்கைக் கரையோர ஊர்களில் வெள்ளைக்காரன் காலத்துப் பட்டங்களைப் பற்றிய பேச்சு இன்னும் வழக்கொழியவில்லை. மூத்தவாப்பாவுக்குக் கிடைத்த பதவி, பேரப்பிள்ளைகளின் வாயில் லண்டன் பட்டமாக வளர்ந்துவிடுவது எளிது. அப்படிப்பட்ட பேச்சைப் பொய்யென்று தள்ளிவிடுவது முறையல்ல. அதன் அடியில் பெரும்பாலும் ஏதோ ஒரு மெய்யான மரியாதை இருக்கும். அது எது என்று கண்டுபிடிப்பதே ஆய்வு.

தோற்றமும் சட்டமும்

இடைக்காலத்தில் நகரவுரிமை என்பது பிழைப்போடு ஒட்டியது. அது இல்லாதவர் நகர எல்லைக்குள் கடை வைக்கவோ கைத்தொழில் நடத்தவோ முடியாது. தந்தை வழியாகவும், நகரவுரிமை பெற்ற ஒருவரிடம் ஆண்டுக்கணக்கில் தொழில் பழகியும், பணம் கட்டியும் அதைப் பெறலாம். லண்டன் சிட்டியில் இதைப் பற்றிய பழைய பதிவு 1237ஆம் ஆண்டுக்குரியது. யோர்க் நகரின் பெயர்ப்பட்டியல் 1272இல் தொடங்குகிறது.

காலப்போக்கில் இந்த உரிமை கையூட்டாகவும் வாக்கு வாங்கும் கருவியாகவும் சீர்கெட்டது. அதனால் 1835ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம், நகரவுரிமையைக் கொடையாகவோ விலைக்கோ வழங்குவதைத் தடை செய்தது. லண்டன் சிட்டி மட்டும் இந்தச் சட்டத்துக்கு உட்படவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து 1885இல் வந்த தனிச் சட்டமே மற்ற நகரங்களுக்குக் கௌரவ நகரவுரிமை வழங்கும் அதிகாரத்தைத் தந்தது. அதன்படி, இதற்கென்றே முன்னறிவித்துக் கூட்டிய கூட்டத்தில், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இசைய வேண்டும். பட்டம் பெற்றவருக்கு அதனால் தேர்தல் வாக்குரிமையோ, பரம்பரை நகரவுரிமையாளருக்குரிய சொத்தில் பங்கோ கிடையாது. இன்று 1972ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் இதே அதிகாரத்தைத் தொடர்கிறது.

ஆய்வாளருக்கு 1835, 1885 ஆகிய இரண்டு ஆண்டுகளும் விலைமதிப்பற்றவை. 1860களில் லிவர்பூலோ பிரிஸ்டலோ ஒருவருக்குக் கௌரவ நகரவுரிமை வழங்கியது என்று குடும்பக் கதை சொன்னால், ஆவணத்தைத் தேடும் முன்பே அதில் ஒரு முடிச்சு இருக்கிறது என்று அறியலாம். ஆண்டு பிழையாக இருக்கலாம், நகரம் பிழையாக இருக்கலாம், அல்லது கிடைத்தது வேறொன்றாக இருக்கலாம்.

லண்டனைப் பற்றி மேலும் ஒரு எச்சரிக்கை. லண்டன் சிட்டி என்பது ஏறத்தாழ ஒரு சதுர மைல் பரப்புள்ள பழைய வணிக நகரம். பெருநகர லண்டனின் மற்றப் பகுதிகளுக்குத் தனித்தனிச் சபைகள் உண்டு, அவை தனியே நகரவுரிமை வழங்குகின்றன. சிட்டியிலும் பணம் கட்டிப் பெறும் சாதாரண நகரவுரிமை வேறு, சபை தேர்ந்து அளிக்கும் கௌரவ நகரவுரிமை வேறு. முன்னதைப் பெற்றவர் பல்லாயிரம் பேர். அவர்கள் கையிலும் அழகிய தோற்பத்திரம் உண்டு என்பதால் பேரப்பிள்ளைகள் இரண்டையும் ஒன்றென எண்ண இடமுண்டு.

நிரூபிக்கப்பட்ட நிகழ்வுகள்

தமிழர்களில் இந்த மரியாதை பெற்றவராக ஐயமின்றிச் சொல்லத்தக்கவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி (1869–1946). கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் பிறந்து, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். 1921இல் லண்டனில் நடந்த பேரரசு மாநாட்டில் இந்தியாவின் பிரதிநிதியாகக் கலந்துகொண்டபோது லண்டன் சிட்டியின் நகரவுரிமை அவருக்கு வழங்கப்பட்டது. பின்னர் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரும் அவருக்கு அதே மரியாதையைச் செய்தது. 1956இல் ஜவஹர்லால் நேருவும் லண்டன் சிட்டியின் நகரவுரிமை பெற்றார்.

இவர்களின் நிலையைப் பார்த்தாலே ஓர் அளவுகோல் கிடைக்கிறது. கடல் கடந்த நாட்டவர் ஒருவருக்கு ஆங்கில நகரம் ஒன்று இந்த மரியாதையைச் செய்வது மிக அரிது. செய்தால் விழா நடக்கும், வரவேற்புரை இருக்கும், நாளிதழ்கள் எழுதும். எவருக்கும் தெரியாமல் நடந்த கௌரவ நகரவுரிமை என்று ஒன்று இருக்க வாய்ப்பில்லை.

இலங்கையைச் சேர்ந்த சேர் முத்துக்குமாரசுவாமி 1874இல் பெற்றது நகரவுரிமை அல்ல. அது அரசி அளித்த சேர் பட்டம். குடும்பப் பேச்சில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடுவது இயல்பு.

கிழக்குக் கரையில் உண்மையில் வழங்கப்பட்டவை

பொத்துவில் வட்டாரத்தில் ஆங்கில ஆட்சி மதித்துப் பதவி தந்தவர்கள் வன்னியனார், உடையார், விதானையார், முதலியார் எனும் பெயர்களால் அறியப்பட்டனர். ஆளுநர் அளித்த கேட் முதலியார் பட்டம் இவற்றுள் உயர்ந்தது. கல்முனைத் தொகுதியைப் பாராளுமன்றத்தில் பிரதிநிதித்துவப்படுத்திய எம். எஸ். காரியப்பர், கேட் முதலியார் என்றே மக்கள் நாவில் நிலைத்தார். சமாதான நீதவான் பதவியும் பலருக்குக் கிடைத்தது. இவையெல்லாம் கொழும்பிலிருந்து வந்தவை. ஆகவே இவற்றைத் தேட வேண்டிய இடம் 1802 முதல் வெளிவரும் இலங்கை அரசாங்க வர்த்தமானி. பேர்கசன் நிறுவனத்தின் இலங்கை விவரக்கொத்து, எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் வெளியிட்ட மட்டக்களப்பு மாவட்ட நூல், கொழும்பு தேசிய சுவடிகள் கூடத்திலுள்ள ஆட்சி ஆவணங்கள் ஆகியவையும் உதவும். அம்பாறை மாவட்டம் 1961இல்தான் உருவானது. அதற்கு முந்திய பொத்துவில் செய்திகளை மட்டக்களப்பின் பெயரிலேயே தேட வேண்டும்.

அலுமாரியில் மன்னர் முகம் பொறித்த வெள்ளிப் பதக்கம் ஒன்று இருந்தால் அதைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. ஒரு பக்கம் ஐந்தாம் ஜோர்ஜும் மேரி அரசியும், மறுபக்கம் 1910, 1935 ஆகிய ஆண்டுகளும் இருந்தால் அது வெள்ளிவிழாப் பதக்கம். 1937 மே 12 என்று இருந்தால் ஆறாம் ஜோர்ஜின் முடிசூட்டுப் பதக்கம். பேரரசு எங்கும் அலுவலர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வழங்கப்பட்ட இவற்றில் பெற்றவரின் பெயர் பொறிக்கப்படுவதில்லை. பெயரில்லாத பதக்கம் ஒரு தலைமுறைக்குப் பிறகு எந்தக் கதைக்கும் சாட்சியாகிவிடும். கூடவே வந்த சான்றிதழ்க் கடதாசிதான் அதன் உயிர்.

ஆவணங்களும் பெயர்களும்

லண்டன் சிட்டியின் நகரவுரிமைச் சேர்க்கைத் தாள்கள் 1681 முதல் 1930 வரை எண்ணிமப்படுத்தப்பட்டுள்ளன. பெயர், தந்தை பெயர், தொழில், சேர்ந்த நாள் ஆகியவை அவற்றில் கிடைக்கும். கௌரவ நகரவுரிமைக்குச் சபைத் தீர்மானக் குறிப்பேடுகளைப் பார்க்க வேண்டும். மற்ற நகரங்களுக்கு அந்தந்த ஊரின் ஆவணக்காப்பகத்துக்குக் கடிதமோ மின்னஞ்சலோ எழுதினால் போதும். தங்கள் கௌரவ நகரவுரிமையாளர் பட்டியலைப் பல சபைகள் பேணி வருகின்றன. அரசரின் பட்டங்கள் வெளியாகும் லண்டன் வர்த்தமானியில் இதைத் தேடுவது வீண் வேலை.

பெயர்தான் பெரிய சிக்கல். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே குடும்பப் பெயர் என்ற வழக்கம் குறைவு. தந்தையின் பெயர் முன்னெழுத்தாக நிற்கும். குடி எனப்படும் குலம் தாய் வழியில் வரும். லெவ்வை, மரைக்கார், மீராசாகிபு ஆகிய பெயர்களை ஆங்கில எழுத்தர்கள் காதில் விழுந்தபடி பலவாறு எழுதினர். ஒரே மனிதர் மூன்று ஆவணங்களில் மூன்று பேராகத் தோன்றுவார். ஊரில் யார் எந்தக் குடி, பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர் பொறுப்பு யாருக்கு இருந்தது என்று மூத்தவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டால்தான் அவர்களை ஒருவராக்க முடியும். 1886ஆம் ஆண்டின் சட்டத்தைத் தொடர்ந்த முஸ்லிம் திருமணப் பதிவுகளும் தந்தை பெயரை உறுதிசெய்யத் துணைபுரியும்.

2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை பொத்துவில் கரையையும் தாக்கியது. போர்க்காலத்து இடப்பெயர்வுகள் வேறு. கடதாசி பல வீடுகளில் இல்லாமல் போனதற்கு இவையே காரணம். எஞ்சியிருக்கும் நியமனப் பத்திரம், சான்றிதழ், உறுதி, பழைய படம் எதுவானாலும் இரு பக்கமும் படமெடுத்து, யாருடையது, எங்கிருந்து வந்தது என்பதை எழுதி வையுங்கள். ஒரு பிரதியை ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்துக்கோ நூலகம் நிறுவனத்தின் எண்ணிமத் தொகுப்புக்கோ கொடுங்கள்.