காதை அடைத்துக்கொண்டு எப்படிச் சண்டை போடுவது?

ஆபீஸில் நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், பக்கத்து சீட்டுக்காரர் மூன்று தடவை கூப்பிட்டாலும் கேட்காது. நாலாவது தடவை தோளைத் தட்டுவார். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் ரோந்து போகும் சிப்பாய்க்கு "படு!" என்கிற கத்தல் காதில் விழாவிட்டால்? ராணுவத்தில் காதுப் பாதுகாப்பின் வரலாற்றைக் கொஞ்ச நாளாகத் துருவிக்கொண்டிருக்கிறேன். சுற்றிச் சுற்றி இந்தச் சிக்கலிலேயே வந்து நிற்கிறேன்.

1782-ல் கரீபியன் கடலில் நடந்த செயின்ட்ஸ் போரில் ஆங்கிலேயத் தளபதி ரோட்னியின் கப்பல் 'ஃபார்மிடபிள்' பக்கவாட்டுப் பீரங்கிகளை எண்பது தடவை போல முழங்கியது. மனுஷருக்குப் பதினாலு நாள் காது கேட்கவில்லையாம். அவருக்குத் திரும்பி வந்தது. எல்லோருக்கும் வராது.

உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்ட பகுதியில் நுண்ணிய மயிரிழை செல்கள் இருக்கின்றன. செத்தால் மறுபடி முளைக்காது. 85 டெசிபெல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம், 100 டெசிபெல் என்றால் பதினைந்து நிமிஷம்தான் என்பது இன்றைய பரிந்துரைக் கணக்கு. ராணுவத் துப்பாக்கியின் வெடிச்சத்தமோ உச்சத்தில் 155 டெசிபெல்லைத் தாண்டும். முதலில் போவது கீச்சென்ற உயர் அதிர்வெண்கள். அதனால்தான் இவர்கள் "காது கேக்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியல" என்பார்கள். கூடவே ராத்திரி பகல் பாராத 'கொய்ங்'.

முதல் உலகப்போரிலேயே பிரிட்டனில் 'மாலக்-ஆர்ம்ஸ்ட்ராங்' என்றொரு காதடைப்பான் வந்துவிட்டது. பீரங்கிச் சத்தம் அடங்க வேண்டும், பேச்சு மட்டும் கேட்க வேண்டும் என்பது அதன் நோக்கம். யோசனை அப்பவே சரியாகத்தான் இருந்திருக்கிறது! இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கர்கள் கொண்டுவந்த 'வி-51ஆர்' ரப்பர் அடைப்பான் எல்லாச் சத்தத்தையும் அடைக்கும் ரகம். பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்தது. ஆனால் எதிரி வரும் காலடிச் சத்தத்தையும் சேர்த்து அடைத்தால் எவன் மாட்டுவான்? பாக்கெட்டில்தான் கிடக்கும். இதைச் சிப்பாயின் அலட்சியம் என்று எழுதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இதற்கான விடை பிரான்சின் செயின்ட்-லூயி நகரிலுள்ள பிரெஞ்சு-ஜெர்மன் ஆய்வகத்தில் கிடைத்தது. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. பேட்டரி இல்லை, சர்க்யூட் இல்லை, அடைப்பானுக்குள் நுண்ணிய துளை மட்டும். சாதாரணப் பேச்சுக்குத் துளையில் காற்று மெதுவாக, சீராக அசையும். சத்தம் உள்ளே போய்விடும். வெடிச்சத்தம் வந்தால் காற்று வேகமாகப் பாயப் பார்த்து, துளையில் சுழன்று குழம்பி, தன் வழியைத் தானே மறித்துக்கொள்ளும். சத்தம் கூடக்கூடத் தடையும் கூடும்.

இந்தத் தத்துவத்தில் ஏரோ என்கிற அமெரிக்க நிறுவனம் இரண்டு முனை கொண்ட 'காம்பாட் ஆர்ம்ஸ்' அடைப்பானைச் செய்தது. பச்சை முனையைச் செருகினால் எல்லாச் சத்தமும் அடங்கும். மஞ்சள் முனையைச் செருகினால் பேச்சு கேட்கும், வெடி அடங்கும். இராக், ஆப்கானிஸ்தான் போன அமெரிக்கச் சிப்பாய்கள் ஏராளமானோர் காதில் இதுதான். 2008-ல் ஏரோவை த்ரீஎம் வாங்கியது.

2016-ல் போட்டி நிறுவனம் ஒன்று வழக்குப் போட்டது. அடைப்பான் நீளம் போதவில்லை, காதுக்குள் சரியாக உட்காராமல் மாட்டியவருக்கே தெரியாமல் தளர்ந்துவிடும், இது நிறுவனத்துக்குத் தெரிந்தும் ராணுவத்திடம் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. 2018-ல் த்ரீஎம் 91 லட்சம் டாலர் கொடுத்து அரசோடு சமரசம் செய்துகொண்டது, தவறை ஒப்புக்கொள்ளாமலே. பிறகு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களும் முன்னாள் சிப்பாய்களும் வழக்குக்கு வந்தார்கள். 2023-ல் சுமார் 600 கோடி டாலருக்கு ஒப்பந்தம் ஆனது. அப்போதும் பொறுப்பை ஒப்புக்கொள்ளவில்லை.

"தெரியாமல் தளர்ந்துவிடும்" என்ற இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பழைய ரப்பர் அடைப்பான் நன்றாகத் தளர்ந்தால் வெளிச்சத்தம் கூடும், அதை வைத்துத் தெரிந்துகொள்ளவாவது வாய்ப்பு உண்டு. மஞ்சள் முனையில் பேச்சு எப்போதும் கேட்டுக்கொண்டுதானே இருக்கும். தளர்ந்ததை எதை வைத்துக் கண்டுபிடிப்பான்?