முழந்தாளிடுதல்: ஒரு சொல்லின் வரலாறு



"நீல்டவுன்!" ஈழத்திலும் தமிழகத்திலும் பயின்ற நம்மிற் பலருக்கு இந்த ஆங்கிலச் சொல் வகுப்பறைத் தண்டனையாகவே அறிமுகமாயிற்று. ஆனால் அதன் வரலாறு தண்டனையின் வரலாறு அன்று.

'நீல்' என்னும் வினைச்சொல், முழந்தாளைக் குறிக்கும் 'நீ' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது. எழுத்தில் முதலாவதாக நிற்கும் ககரத்தை ஆங்கிலேயர் இன்று ஒலிப்பதில்லை. பழைய ஆங்கிலத்தில் அது ஒலித்தது. ஹம்பேர்க்கில் வாழும் நீங்கள் அவ்வொலியை இன்றும் கேட்கலாம்: ஜேர்மானியர் முழந்தாளை 'க்னீ' என்றே அழைக்கின்றனர். இலத்தீனின் 'கெனு', கிரேக்கத்தின் 'கோனு', வடமொழியின் 'ஜானு' ஆகியனவும் அதே வேரினின்று கிளைத்தவையே.

தொடக்கத் திருச்சபையில் முழந்தாளிடுவது மனவருத்தத்தின் அடையாளமாயிருந்தது. ஆதலால் உயிர்ப்பின் நாளாகிய ஞாயிற்றுக்கிழமைகளிலும் பாஸ்கா காலத்திலும் நின்றவாறே மன்றாட வேண்டுமென 325ஆம் ஆண்டு நிசேயா பொதுச்சங்கம் பணித்தது.

ஜேர்மன் மொழியில் 'க்னீஃபால்' என்றொரு சொல் உண்டு. முழந்தாளில் வீழ்தல் என்பது பொருள். 1970 டிசம்பர் 7 அன்று, வார்சோ நகரில், யூதர் கிளர்ச்சியின் நினைவுச்சின்னத்தின் முன் ஜேர்மன் அதிபர் வில்லி பிராண்ட் முழந்தாளிட்டார். அவர் நாசிகளுக்கு அஞ்சி 1933இல் நோர்வேக்குத் தப்பியோடியவர். அக்கொடுமைகளில் அவருக்குப் பங்கில்லை. தம் மக்கள் இழைத்த குற்றத்துக்காகவே அவர் முழந்தாள் மடங்கிற்று. அச்செயல் பொருத்தமானதா என ஹம்பேர்க்கிலிருந்து வெளிவரும் 'டெர் ஷ்பீகல்' இதழ் மக்களிடம் கருத்துக் கேட்டது. 48 விழுக்காட்டினர் மிகையென்றனர். 41 விழுக்காட்டினரே பொருத்தமென்றனர். மறு ஆண்டு அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிட்டியது.

அவரை முழந்தாளிடும்படி எவரும் பணிக்கவில்லை என்பதைக் கருதிப் பாருங்கள். அவர் தாமாகவே பணிந்தமையால்தான் அச்செயலுக்குப் பொருள் உண்டாயிற்று. வகுப்பறையில் கட்டளைக்கு மடங்கிய நம் முழந்தாள்களிலோ அச்சமும் வெட்கமுமே இருந்தன.

பெற்றோரே, வன்முறையின்றி வளர்க்கப்படுவது 2000ஆம் ஆண்டு முதல் ஜேர்மனியில் பிள்ளைகளின் சட்டபூர்வமான உரிமை. இழிவுபடுத்தும் தண்டனைகளையும் அச்சட்டம் விலக்குகின்றது. சட்டத்திற்காக மட்டும் இதை நான் சொல்லவில்லை. நற்கருணையின் முன் முழந்தாளிடக் கற்பிக்கும் அதே பிள்ளையை, வீட்டின் மூலையில் தண்டனையாக முழந்தாளிடச் செய்யாதீர்கள். ஒரே உடல்நிலைக்கு இவ்விரு பொருளையும் அதன் உள்ளம் தாங்காது.