சித்தூர்ப் பாளையங்களும் ஓர் உலகப்போரும் (1780–1784)

இரண்டாம் மைசூர்ப் போர், ஐதர் அலிக்கும் ஆங்கிலக் கும்பினிக்கும் இடையே நடந்த போராகவே பாடநூல்களில் இடம்பெறுகிறது. ஆனால் அது அமெரிக்க விடுதலைப் போரின் இந்தியக் களமும் ஆகும். அந்தக் களத்தின் முக்கியமான ஒரு பகுதி, இன்றைய வடமாலபேட்டை, புத்தூர், நாராயணவனம், கார்வேட்டிநகரம் சூழ்ந்த மலைநாட்டில் அமைந்தது. பொம்மராஜபாளையம் என்று அக்கால ஆவணங்கள் குறிப்பிடும் நாடு இதுவே.

போரின் காரணங்களுள் ஒன்று உள்நாட்டிலும் மற்றொன்று கடல் கடந்தும் பிறந்தன. 1769இல் சென்னையின் வாயில்வரை வந்த ஐதர், ஆபத்தில் ஒருவருக்கொருவர் உதவுவது என்று கும்பினியுடன் உடன்படிக்கை செய்துகொண்டார். ஆனால் அடுத்த இரண்டாண்டுகளில் மராத்தியர் மைசூர்மீது படையெடுத்தபோது அந்த உதவி வரவில்லை. 1778 பிப்ரவரியில் பிரான்சு அமெரிக்கக் குடியேற்றங்களுடன் கூட்டுச் சேர்ந்ததும், ஆங்கிலேயர் அவ்வாண்டே புதுச்சேரியையும், 1779 மார்ச்சில் மாகியையும் கைப்பற்றினர். மாகி தமது பாதுகாப்பில் உள்ளது என்று ஐதர் முன்னரே அறிவித்திருந்தார். பிரெஞ்சுப் படைக்கலங்கள் அவரை வந்தடைந்த துறைமுகமும் அதுவே. பழைய வாக்குமீறலும் புதிய இழப்பும் சேர்ந்து, 1780 ஜூலையில் அவரைக் கர்நாடகச் சமவெளிக்குள் இறக்கின.

அவ்வாண்டு செப்டம்பர் 10ஆம் நாள் பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. நவம்பரில் ஆற்காடு வீழ்ந்தது. சென்னையையும் வேலூரையும் சுற்றியிருந்த ஊர்களை ஐதரின் குதிரைப்படை திட்டமிட்டுப் பாழாக்கியது. எதிரிக்குத் தானியமோ தீவனமோ கிட்டக்கூடாது என்பதே நோக்கம். இந்தப் போரின் போக்கைத் தீர்மானித்தது பீரங்கியைவிடச் சோறுதான். 1781இல் பரங்கிப்பேட்டையிலும் (ஜூலை 1) சோளிங்கரிலும் (செப்டம்பர் 27) அயர் கூட் வென்றார். ஆயினும் அவரிடம் போதிய குதிரைப்படையில்லை, பொதிகாளைகளில்லை, சில நாள்களுக்கு மேல் படைக்கு உணவுமில்லை. பின்வாங்கும் எதிரியைத் துரத்த அவரால் இயலவில்லை.

சோளிங்கர் வெற்றிக்குப்பின் கூட் பாளையங்களுக்குள் நுழைந்ததன் காரணம் இதுவே. சமவெளி வெறுமையாகிவிட்ட நிலையில், மலையடிவாரங்களில் மட்டுமே தானியம் எஞ்சியிருந்தது. அதுவரை ஐதருக்குப் பணிந்திருந்த பாளையக்காரர்கள், காற்று திசைமாறியதைக் கண்டு ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்தனர். இதை விசுவாசம் என்றோ துரோகம் என்றோ எடைபோடுவது பொருந்தாது. இரு பெரும்படைகளுக்கு நடுவில் அகப்பட்ட சிறு அரசுகள் தம்மைக் காத்துக்கொண்ட வழி அது. பாளையங்களில் திரட்டிய தானியத்தின் துணையோடு, நவம்பரில் முற்றுகையிலிருந்த வேலூருக்கு உணவு சென்றது. அதே மாதம் சித்தூர்க் கோட்டையும் ஆங்கிலேயர் வசமானது. குடியானவனுக்கோ எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இழப்பு ஒன்றே: இருந்த தானியம் படைக்குப் போயிற்று. அந்த ஆண்டுகளில் சென்னை மாகாணம் கடும் பஞ்சத்தில் சிக்கியிருந்தது.

1782 டிசம்பர் 7ஆம் நாள், சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் ஐதர் மறைந்தார். மலபாரிலிருந்து திப்பு வந்துசேரும்வரை அச்செய்தி மறைத்துவைக்கப்பட்டது. 1783 ஜூன் இறுதியில், கடலூரில் பிரெஞ்சுப் படையும் ஆங்கிலப் படையும் பொருதுகொண்டிருந்தபோது, ஐரோப்பாவில் சனவரியிலேயே முதற்கட்ட உடன்பாடு ஏற்பட்ட செய்தி வந்தது, பிரெஞ்சுக்காரர்கள் விலகினர். கூட்டாளியை இழந்த திப்பு போரைத் தனித்துத் தொடர்ந்தார். 1784 மார்ச் 11ஆம் நாளின் மங்களூர் உடன்படிக்கை, கைப்பற்றிய இடங்களை இருதரப்பும் திருப்பித்தர வகைசெய்தது. நிலப்படத்தில் பெரிய மாற்றமில்லை.

மாற்றம் கணக்கேடுகளில் நிகழ்ந்தது. போர்ச்செலவின் பெயரால் ஆற்காடு நவாப் 1781 டிசம்பரில் வரிவசூலைக் கும்பினியிடம் ஒப்படைத்தார். பின்னர் அது திரும்பக் கிடைத்தாலும் கடன் குறையவில்லை. கடன் கொடுத்தோரில் பலர் கும்பினியின் ஊழியர்களே. அந்தக் கடன்களைக் கண்டித்து 1785இல் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசினார். 1792இல் பாளையக்காரர்களின் பேஷ்குஷ் வசூலும், 1801இல் கர்நாடகம் முழுவதும் கும்பினியின் கைக்குச் சென்றன. 1804இல் சித்தூர்ப் பாளையக்காரர்கள் கிளர்ந்தபோது, கும்பினி படைகொண்டு அவர்களை அடக்கியது.

பாரிசிலும் லண்டனிலும் தொடங்கிய பகை அங்கே 1783இல் தீர்ந்துவிட்டது. சித்தூர் மலைகளில் அதன் கணக்கு மேலும் இருபதாண்டுகள் நீடித்தது. ஒரு போரின் முடிவை உடன்படிக்கையின் தேதியைக் கொண்டு மட்டும் குறிப்பது, அதன் செலவைச் சுமந்தவர்களை வரலாற்றிலிருந்து விலக்கிவிடும்.