பருவகாலத் தொழிற்சாலை

பருவகாலத் தொழிற்சாலை என்பது பருத்தி அரவை, நிலக்கடலை உடைத்தல், சர்க்கரை, தேயிலை உற்பத்தி முதலிய தொழில்களில் மட்டும் ஈடுபடும் ஆலையைக் குறிக்கும் இந்தியச் சட்டச் சொல்லாகும். 1948 ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் (ஈ.எஸ்.ஐ.) இவ்வாலைகளுக்கு விலக்களித்தது. அதற்கு மாற்றாக 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்விலக்கு தொடர்கிறது.

விலக்கு ஆலையின் தொழிலைச் சார்ந்தது. தொழிலாளரின் பணிக்காலத்தைச் சார்ந்ததன்று. எடுத்துக்காட்டாக, சென்னையின் மேற்குப் பகுதியான பாடியிலுள்ள வாகன உதிரிபாக ஆலைகள் இவ்வகையில் அடங்கா. ஆகவே அங்கு சில மாதங்களே பணிபுரியும் ஒப்பந்தத் தொழிலாளரும், மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மிகாதவராயின், காப்பீட்டுக்கு உரியவர். பணியிட விபத்துக்கான உதவி முதல் நாளிலிருந்தே உண்டு. மாறாக, விலக்குப் பெற்ற சர்க்கரை ஆலையில் அரவைப் பருவத் தொழிலாளர் காயமுற்றால், இழப்பீட்டை ஆலை முதலாளியிடமே பெற வேண்டும்.